இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று

கலிஃபோர்னியா மாநில வரிச் சமன்படுத்தல் வாரியத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. நான்கு மாவட்டம், நான்கு இடம். 1998இல் முடிவு 2-2. 2002, 2006, 2010, 2014 தேர்தல்களிலும் அதே 2-2. ஐந்து தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 2018இல் அது 3-1 ஆனது, 2022இலும் 3-1. இருபது ஆண்டுகள் அசையாமல் நின்ற கணக்கு ஏன் அப்போது அசைந்தது என்று மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தால், வாரியத்தின் கதையே கைக்கு வந்துவிடுகிறது.

முதலில் களத்தைச் சொல்லிவிட வேண்டும். வரி வாரியத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் கலிஃபோர்னியா. 1879ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஏற்படுத்திய ஏற்பாடு இது. நான்கு பேரை மாவட்டங்கள் அனுப்புகின்றன. ஐந்தாவது நாற்காலி, மாநிலம் முழுவதும் வாக்குப் பெற்று வரும் மாநில நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரியான கன்ட்ரோலருக்கு உரியது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு மாவட்டத்தில் ஏறத்தாழ 99 லட்சம் பேர். அமெரிக்க மாநிலங்களில் நாற்பது, இந்த ஒற்றை மாவட்டத்தை விடச் சிறியவை. அத்தனை பெரிய தொகுதியில் நிற்கும் வேட்பாளரின் பெயர் வாக்காளர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வாக்குச்சீட்டில் பெயரும் கட்சியும், தொழிலைச் சொல்லும் இரண்டு மூன்று சொற்களும் இருக்கும். முடிவுகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. 2011இல் எல்லைகளைத் திருத்தியபோது மாவட்ட எண்களும் இடம் மாறின. 2010இல் 'ஒன்று' என்றால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி. 2014 முதல் 'ஒன்று' என்பது உள்நாட்டுச் சமவெளியும் மலையும். 2010இல் மூன்றாக இருந்த தெற்கு இப்போது நான்கு. எண்ணை வைத்து ஒப்பிட்டால் இல்லாத மாற்றங்கள் இருப்பதுபோல் தெரியும். நிலத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இரண்டு மாவட்டங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். இரண்டாவது மாவட்டம் வடக்கே ஒரிகன் எல்லையிலிருந்து கடலோரமாக இறங்கி, விரிகுடாப் பகுதியை உள்ளடக்கியது. 2014இல் ஃபியோனா மா, 2018இல் மாலியா கோஹன், 2022இல் சாலி லீபர், மூவரும் ஜனநாயகக் கட்சியினர். கோஹன் பத்தில் ஏழு வாக்குக்கு மேல் அள்ளினார். இங்கே உண்மையான போட்டி நவம்பரில் நடப்பதில்லை, ஜூன் மாத முதற்சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. 2012 முதல், கட்சி எதுவானாலும் முதலிரண்டு இடம் பிடிப்பவர்களே நவம்பருக்குப் போகும் முறை இருக்கிறது. 2018இல் கேத்லீன் கல்ஜியானி என்ற மாநில செனட்டர், ஜனநாயகக் கட்சியில் நன்கு அறிமுகமானவர், முதற்சுற்றிலேயே வெளியேறினார். கோஹனுக்கு எதிரே ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளர் எஞ்சியதும் நவம்பர் முடிவு உறுதியாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை மையமாகக் கொண்ட மூன்றாவது மாவட்டமும் இப்படித்தான். சாண்டா மோனிகாவின் முன்னாள் மேயர் டோனி வாஸ்கெஸ் 2018இலும் 2022இலும் சிரமமில்லாமல் வென்றார்.

முதல் மாவட்டத்தில் கொஞ்சம் நிற்கலாம். சியெரா மலைத்தொடர், சாக்ரமென்டோ, ஃபிரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்ட் என்று நீளும் உள்நாட்டு நிலம் இது. குடியரசுக் கட்சியின் கோட்டை என்று பொதுவாகச் சொல்வார்கள். 2014இல் அக்கட்சியின் ஜார்ஜ் ரன்னர் வசதியாக வென்றார். 2018இல் டெட் கெய்ன்ஸ் 51 சதவீதத்தைச் சற்றே தாண்டித்தான் கரையேறினார். 2022இல் அவருடைய வித்தியாசம் மறுபடி விரிந்தது. கெய்ன்ஸ் புதுமுகம் அல்லர். மாநில செனட்டராக இருந்தவர், 2014இல் காப்பீட்டு ஆணையர் பதவிக்கு மாநிலம் முழுக்கப் போட்டியிட்டுத் தோற்றவர். அப்படிப்பட்டவருக்கு ஏன் இத்தனை நெருக்கடி?

வாக்குப்பதிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநில அளவில், பதிவு பெற்ற வாக்காளர்களில் 2014 நவம்பரில் 42.2 சதவீதம் பேரே வாக்களித்தார்கள். 2018இல் 64.5, 2022இல் 50.8. கூட்டம் குறைந்தபோது குடியரசுக் கட்சிக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. கூட்டம் பெருகியபோது சாக்ரமென்டோவும் ஃபிரெஸ்னோவும் எடை கூடி, மலைக் கவுண்டிகளின் பெரும்பான்மையை அரித்தன. மூன்று தேர்தல்களை வைத்து விதி எழுத முடியாது, 2021இல் எல்லைகளும் மறுபடி திருத்தப்பட்டன. ஆனாலும் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கெய்ன்ஸின் தனித் திறமையோ குறையோ இந்த ஏற்ற இறக்கத்தில் பெரிய பங்கு வகித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நான்காவது மாவட்டம். ஆரஞ்சு, சான் டியாகோ, ரிவர்சைட், இம்பீரியல் கவுண்டிகள் இதில் அடங்கும். ஆட்டமே இங்கேதான் இருக்கிறது. மிஷெல் ஸ்டீல் 2006இலும் 2010இலும் குடியரசுக் கட்சிக்காக வென்ற நிலம் இது. 2014இல் டயான் ஹார்க்கி பெரிய வித்தியாசத்தில் தக்கவைத்தார். இரண்டு தவணை வரை இருக்கலாம் என்பதால் 2018இல் அவர் மறுபடி நிற்க எந்தத் தடையும் இல்லை. அவர் நிற்கவில்லை. அவர் கட்சியின் டாரல் ஐசா ஓய்வு பெற்றுக் காலியான 49ஆவது காங்கிரஸ் தொகுதிக்குப் போனார். அங்கே ஜனநாயகக் கட்சியின் மைக் லெவின் அவரைத் தோற்கடித்தார். அவர் விட்டுப்போன வாரிய இடத்துக்கு, மாநில செனட்டர் ஜோயல் ஆண்டர்சனைக் குடியரசுக் கட்சி நம்பியது. எதிரே நின்றவர் ஜனநாயகக் கட்சியின் 80 வயது மைக் ஷேஃபர். 1965 முதல் 1971 வரை சான் டியாகோ நகர மன்றத்தில் இருந்துவிட்டு, பிறகு எத்தனையோ தேர்தல்களில் நின்று தோற்றவர். அவர் ஆண்டர்சனை ஐந்து புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். ஒரே நாளில் குடியரசுக் கட்சி இரண்டு இடங்களைத் தவறவிட்டது.

இதை ஷேஃபரின் வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த நவம்பரில் ஆரஞ்சு கவுண்டியைத் தொடும் ஏழு காங்கிரஸ் தொகுதிகளையும் ஜனநாயகக் கட்சி பிடித்தது. ஆளுநர் தேர்தலில் கேவின் நியூசம் அதே கவுண்டியில் மயிரிழையில் முன்னிலை பெற்றார். அலை அந்தப் பக்கம் அடித்தது. வாரிய வேட்பாளர் யார் என்று பார்க்காமலே அது அவரைத் தூக்கிச் சென்றது. ஆண்டர்சனுடைய வாக்கு வலிமை குறைந்துவிடவும் இல்லை. 2020இல் அவர் சான் டியாகோ கவுண்டி மேற்பார்வைக் குழுவுக்குத் தேர்வானார்.

2022இல் நடந்தது இதைவிடப் பெரிய பாடம். அலை வடிந்திருந்தது. ஆளுநர் தேர்தலில் பிரையன் டாலே என்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மாநிலம் முழுக்கத் தோற்றாலும், ஆரஞ்சிலும் ரிவர்சைடிலும் நியூசமை முந்தினார். நான்காவது மாவட்டத்தை மீட்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஆனால் ஜூன் முதற்சுற்றில் குடியரசுக் கட்சியிலிருந்து பலர் களமிறங்கினார்கள். அக்கட்சியின் வாக்கு அவர்களுக்குள் சிதறியது. ஷேஃபரும் அவருடைய கட்சியைச் சேர்ந்த டேவிட் டாட்சனும் முதலிரண்டு இடங்களைப் பிடித்தார்கள். நவம்பரில் அந்த மாவட்டத்துக் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் சீட்டைத் திறந்தபோது அவர்கள் கட்சியிலிருந்து ஒருவர்கூட இல்லை. 84 வயதில் ஷேஃபர் மறுபடி வென்றார். கட்சி தன் ஆட்களை உட்காரவைத்துப் பேசி ஒருவரை முன்னிறுத்தியிருந்தால், கணக்கு 2-2க்குத் திரும்பியிருக்கலாம். 2018 முடிவுக்கு அலை காரணம். 2022 முடிவுக்கு அந்தக் கட்சியின் மோசமான திட்டமிடலே காரணம்.

இதுவரை சொன்னது கட்சிக் கணக்கு. என்னை இந்த முடிவுகளிடம் திரும்பத் திரும்ப இழுப்பது வேறு ஒன்று. 2-2 சமநிலை நீடித்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலானவை வாரியத்துக்கு முழு அதிகாரம் இருந்த ஆண்டுகள். விற்பனை வரியும் எரிபொருள் வரியும் சேர்த்து ஆண்டுக்கு 6,000 கோடி டாலர் அளவில் வசூலித்தது. வரி வழக்குகளின் மேல்முறையீட்டையும் உறுப்பினர்களே உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். தேர்தல் நிதி வாங்கும் அரசியல்வாதி, அந்த நிதி தந்தவருடைய வரித் தகராறுக்கு நீதிபதி! 1990இல் மாநில செனட்டர் குவென்டின் காப் பெயரால் வந்த சட்டம், முந்தைய 12 மாதங்களில் 250 டாலரோ அதற்கு மேலோ தந்தவரின் வழக்கில் உறுப்பினர் கலந்துகொள்ளக் கூடாது என்றது. உடனே 249 டாலர் காசோலைகள் வரத் தொடங்கின. சட்டத்தின் வரிக்குள் நின்று அதன் நோக்கத்தைத் தோற்கடித்த இந்தப் பழக்கத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

2017இல் மாநில நிதித்துறையின் ஆய்வு, நிர்வாகச் சீர்கேட்டை அம்பலப்படுத்தியது. வரி வேலைக்கு எடுத்த ஊழியர்களை உறுப்பினர்களின் மாவட்ட நிகழ்ச்சிகளுக்கு அனுப்பியதும் அதில் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம், வசூலைப் புதிய துறை ஒன்றுக்கும் மேல்முறையீட்டைத் தனி அலுவலகத்துக்கும் மாற்றியது. 4,000க்கு மேற்பட்ட ஊழியர்களில் சுமார் 400 பேரே வாரியத்தில் மிஞ்சினார்கள். அடுத்த ஆண்டுதான் 3-1 வந்தது. அதாவது அதிகாரம் இருந்தபோது அசையாத எண்ணிக்கை, அதிகாரம் போன பிறகு நடந்த முதல் தேர்தலில் அசைந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2-2 என்பது 3-1 ஆனதால் சாதாரண வரி செலுத்துவோருக்கு என்ன வித்தியாசம் நேர்ந்தது என்று தேடினால் சொல்லும்படியாக எதுவும் அகப்படவில்லை.

வாரியம் அதிகாரம் இழந்தது இது முதல் தடவை அல்ல. ஒரு காலத்தில் மது உரிமங்களையும் அதுவே வழங்கியது. வில்லியம் பொனெல்லி என்ற உறுப்பினரைச் சுற்றி எழுந்த உரிம ஊழல் விவகாரம் 1954இல் அவருடைய பதவியைப் பறித்தது. அவர் மெக்சிகோவுக்குத் தப்பினார். மது உரிமம் 1955 முதல் தனித் துறைக்குப் போனது. தேர்தலில் வரும் வாரியத்திடம் கொடுத்த அதிகாரம் கெடுவதும், பிறகு பறிபோவதும் அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நடந்திருக்கிறது.

மிஞ்சியிருப்பது அற்பமான வேலை என்றும் சொல்லிவிடக் கூடாது. கவுண்டி மதிப்பீட்டாளர்கள் சொத்துக்கு ஒரே அளவுகோலில் மதிப்புப் போடுகிறார்களா என்று கண்காணிப்பது வாரியத்தின் பொறுப்பு. ரயில் பாதை, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி நிறுவனங்களின் சொத்துக்கு வாரியமே மதிப்பிடுகிறது. அந்தச் சொத்துகளின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கச் சட்ட வரலாற்றில் புகழ்பெற்ற 1886ஆம் ஆண்டு சாண்டா கிளாரா கவுண்டி - சதர்ன் பசிபிக் ரயில்வே வழக்கே, ரயில் பாதையோர வேலிகளை இந்த வாரியம் மதிப்பில் சேர்த்ததிலிருந்து பிறந்ததுதான். வேலை முக்கியமானது. அதைச் செய்ய மதிப்பீடு தெரிந்த நிபுணர்கள் வேண்டும். கட்சி அலையில் மிதந்து வருபவர்கள் அதற்கு ஏன் என்பதே என் கேள்வி.

வந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற பட்டியலையும் பாருங்கள். பிராட் ஷெர்மன், ஜூடி சூ, மிஷெல் ஸ்டீல் ஆகியோர் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போனார்கள். ஜான் சியாங் 2006இலும், பெட்டி யீ 2014இலும், மாலியா கோஹன் 2022இலும் கன்ட்ரோலர் ஆனார்கள். கன்ட்ரோலர் என்ற முறையில் மூவரும் அதே வாரியத்தின் ஐந்தாவது நாற்காலிக்குத் திரும்பியும் வந்தார்கள். ஃபியோனா மா 2018இல் மாநிலக் கருவூலரானார். மேலே ஏறுவதற்கான படியாக வாரியம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. இவர்களில் யாரையும் குறை சொல்லவில்லை, திறமையானவர்கள் உண்டு. ஆனால் ஒரு கோடி பேரின் வாக்கு அதற்காகவா?

என் தீர்ப்பு இதுதான். நான்கு மாவட்டத் தேர்தல்களையும் நிறுத்திவிட்டு, சொத்து மதிப்பீட்டுக் கண்காணிப்பை நியமனம் பெற்ற நிபுணர் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். 2017 சட்டம் பாதி வேலையைச் செய்தது. அரசியல் சட்டத்தில் வேரூன்றிய மீதியைச் சாதாரணச் சட்டத்தால் தொட முடியாது. கெய்ன்ஸ், வாஸ்கெஸ், ஷேஃபர் மூவருக்கும் இரண்டாவது தவணையோடு வாய்ப்பு முடிகிறது. நான்கு இடங்களுக்கும் அடுத்த தேர்தல் நாள் 2026 நவம்பர் 3. சட்டமன்றத்தின் வழியாக வாரியத்தை மாற்ற, அதன் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், அதன் பிறகு மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையும் வேண்டும்.