சுப்ரென் வரலாறும் சப்பிரகமுவ வாசகரும்

பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பியர் ஆந்த்ரே த சுப்ரெனின் (1729–1788) புகழ், சோழமண்டலக் கரையிலும் இலங்கைக் கடலிலும் அவர் பொருதிய சில மாதங்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. 1782 பெப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்தருகே தொடங்கி 1783 யூன் 20இல் கடலூரில் முடிந்த ஐந்து போர்களிலும் அவரை எதிர்த்து நின்றவர் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். ஐந்திலும் எத்தரப்பும் மற்றதன் பெரும் போர்க்கப்பல் ஒன்றைத்தானும் சிறைப்பிடிக்கவில்லை.

அவ்வாறாயின் வெற்றி எது? 1890இல் கடல் வலிமை பற்றிய தம் நூலை வெளியிட்ட அமெரிக்கர் ஆல்பிரட் மஹன், தளபதியின் மேதைமையையும் கப்பற்றலைவர்களின் கீழ்ப்படியாமையையும் எதிரெதிரே நிறுத்தி இதற்கு விடை காண்கிறார். துறைமுகமற்ற கடற்படையின் அவலத்தை அவர் நன்குணர்ந்தவர் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தால் சோழமண்டலக் கரையில் நங்கூரம் நில்லாது. ஹியூஸ் பம்பாய்க்கும் சுப்ரென் சுமாத்திராவின் அச்சேக்கும் ஒதுங்க வேண்டியிருந்தது. 1782 ஓகஸ்ட் இறுதியில் சுப்ரென் திருகோணமலையைக் கைப்பற்றியதன் முழுப்பொருளும் இதிலேதான் அடங்கியுள்ளது.

ஆனால் நோயாலும் போராலும் ஆளிழந்த கப்பல்களை இயக்கியோர் யார்? கடலூர்ப் போருக்குமுன் ஐரோப்பியரும் சிப்பாய்களுமாக ஏறத்தாழ 1200 பேர் கரைப்படையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். கீழ்ப்படியாத கப்பற்றலைவர் ஒவ்வொருவரின் பெயரும் குணமும் நூலில் உண்டு; இவர்கள் தொகையாக மட்டுமே வருகின்றனர்.

இக்குறை சப்பிரகமுவ வாசகருக்குப் புதிதன்று. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் பழைய வரலாறுகளில் துரைமார் பெயருடன் உலவுவர். தேயிலைக் கொழுந்து பறித்தோரும் இறப்பர்ப் பால் வெட்டியோரும் 'தொழிலாளர் தொகை'யாவர். செக்ரோலில் அவர்களுக்குப் பெயர் இருந்தது, சம்பளம் கணக்கிடுவதற்காக. கப்பல்களிலும் ஆட்பட்டியல்கள் இருந்தன.

சுப்ரெனுக்கும் தோட்டங்களுக்கும் நேர்க்கோடு இழுப்பது மிகையாகும். அவர் காலத்தில் சப்பிரகமுவ கண்டி அரசுக்குட்பட்ட நிலம். 1782இல் ஆங்கிலத் தூதராகச் சென்ற ஹியூ பொய்ட், கண்டியில் உடன்படிக்கை எதுவும் பெறாது திரும்பினார். எனினும் சமாதானத்தின்போது ஒல்லாந்தருக்கு மீண்ட திருகோணமலை 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1815இல் கண்டியும் வீழ்ந்தது. பின்னர்த் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள்திரட்டப்பட்டபோது, சுப்ரெனின் சிப்பாய்கள் கப்பலேறிய அதே கரைநாட்டு ஏழ்மையே கங்காணிக்குத் துணைநின்றது. தளபதியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அக்கரையில் இறங்கி நடப்பதில்லை.