வேட்டைக்காரன் கற்ற பொறுமை

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட விரும்புகிறவன், குறி பார்த்துச் சுடப் பழகினால் மட்டும் போதாது. காற்றைக் கற்க வேண்டும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியபின் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். இதை அறியாமல் நடப்பவனின் வாடை, அவனுக்கு முன்பே மானை எட்டிவிடும். மான் சென்ற தடம் மட்டுமே அவனுக்கு மிஞ்சும். செப்டம்பர் மாதத்தில் இணை தேடிக் குரலெழுப்பும் ஆண் மானுக்குப் பெண் மானின் குரலில் மறுமொழி கொடுக்கவும் அவன் பழக வேண்டும். எப்போது குரல் கொடுப்பது என்பதைவிட, எப்போது வாய்மூடி இருப்பது என்பதைக் கற்பதே கடினம். பல பருவங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களே பின்னர் தேர்ந்த வேட்டைக்காரர்கள் ஆகிறார்கள்.

இப்பயிற்சிக்கு வழிகாட்டி நூல்கள் பல உண்டு. வெற்றி பெறுவது எப்படி என்பதே அவற்றின் கேள்வி. இலக்கியம் கேட்கும் கேள்வியோ வேறு. இத்தனை பொறுமையையும் கற்றுத் தேர்ந்த மனிதன், காட்டைவிட்டு வெளியே வந்தபின் எத்தகையவனாக வாழ்ந்தான்? இக்கேள்வியை அஞ்சாமல் கேட்டவர் வில்லியம் ஃபாக்னர். 1942-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'கோ டவுன், மோசஸ்' என்னும் நூலில் 'கரடி' என்றொரு நெடுங்கதை உள்ளது. அங்கே வேட்டைப் பொருள் மானன்று, கரடி. இடமும் ராக்கி மலையன்று, மிசிசிப்பி மாநிலத்தின் ஆற்றுப்படுகைக் காடு. ஆயினும் அங்குப் பயிலப்படும் கல்வி ஒன்றே.

ஐசக் மெக்காஸ்லின் என்னும் சிறுவன் பத்து வயதில், ஒரு நவம்பர் மாதத்தில், பெரியவர்களோடு முதன்முறையாக அந்தக் காட்டிற்குள் அழைத்துச் செல்லப்படுகிறான். அவனுடைய ஆசான் சாம் ஃபாதர்ஸ். சிக்கசா பழங்குடித் தலைவன் ஒருவனுக்கும் அடிமைப் பெண் ஒருத்திக்கும் பிறந்த முதியவர். அவர்கள் ஆண்டுதோறும் தேடிச் செல்வது 'ஓல்டு பென்' என்று பெயரிடப்பட்ட மாபெரும் கரடியை. பொறியில் சிக்கிச் சிதைந்த பாதம் ஒன்று அதன் அடையாளம். முதல் ஆண்டில் சிறுவன் கரடியைக் காணவில்லை. மரத்தைக் கொத்திக்கொண்டிருந்த பறவையின் ஓசை திடீரென நின்றுபோன அமைதியில், கரடி தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் உணர்கிறான். பார்க்க வந்தவன் பார்க்கப்படுகிறான். இதுவே அவன் கற்ற முதற்பாடம்.

மறு ஆண்டின் கோடையில் அவன் நாள்தோறும் தனியே தேடி அலைகிறான். துப்பாக்கியே தடை என்கிறார் சாம். துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான். அப்போதும் கரடி தென்படவில்லை. கையிலிருந்த கடிகாரத்தையும் திசைகாட்டியையும் ஒரு புதரில் தொங்கவிட்டு நடக்கிறான், வழி தவறுகிறான். சாம் கற்பித்தபடி வட்டமிட்டுத் தேடுகிறான், பயனில்லை. களைத்து அமர்ந்தபோது, சேற்றில் அந்தச் சிதைந்த பாதத்தின் சுவடு தென்படுகிறது; அதில் அப்போதுதான் நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. சுவடுகளைத் தொடர்ந்து செல்கிறான். அவை அவனைக் கடிகாரமும் திசைகாட்டியும் தொங்கும் அதே புதருக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கே கரடி தோன்றுகிறது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறைகிறது.

உலக இலக்கியத்தில் வேட்டைக்காரனின் கல்வியை இதைவிடச் செறிவாகச் சொன்ன பக்கங்கள் அரிது எனலாம். ஆயுதத்தையும் காலத்தையும் திசையையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டபின் கிடைப்பது கொலையன்று, காட்சி. பிற்பாடு ஒரு நாள், கரடியை எதிர்த்துப் பாய்ந்த சின்னஞ்சிறு நாயைக் காப்பாற்ற, சிறுவன் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடுகிறான். கரடியின் வாடை முகத்தில் வீசும் அளவுக்கு நெருங்குகிறான். சுடக்கூடிய தொலைவில் இருந்தும் அவனும் சுடவில்லை, சாமும் சுடவில்லை. இறுதியில் ஐசக்கின் பதினாறாம் வயதில் ஓல்டு பென்னைக் கொல்பவன், 'லயன்' என்னும் நாயின்மீது கொண்ட பாசத்தால் கத்தியோடு கரடியின் முதுகில் பாய்ந்த பூன் ஹாகன்பெக். அவனோ துப்பாக்கியால் குறி தவறாமல் சுடத் தெரியாதவன்! கற்றுத் தேர்ந்தவன் கொல்லவில்லை; கொன்றவன் கற்றுத் தேர்ந்தவனல்லன்.

பலர் கதையை இந்த இடத்தோடு முடித்துக்கொள்ளவே விரும்புகின்றனர். அதற்கு ஆசிரியரே ஓரளவு இடம் தந்தார். 1955-இல் தம் வேட்டைக் கதைகளை 'பிக் வுட்ஸ்' என்னும் தொகுதியாக வெளியிட்டபோது, 'கரடி'யின் நான்காம் பகுதியை நீக்கிவிட்டார். அந்நிலையில் அது குறையற்ற வேட்டைக் கதை. ஆனால் அழகு முழுமை பெற்றபோது உண்மை பாதியாயிற்று என்பதே என் கருத்து. ஏனெனில் நான்காம் பகுதியில்தான் வேட்டைக்காரனின் கல்வி தேர்வுக்கு வருகிறது.

அங்கே காடு இல்லை. பண்ணைக் கடையின் பழைய கணக்கேடுகள் இருக்கின்றன. வாங்கிய அடிமைகள், பிறந்த குழந்தைகள், இறந்தவர்கள் என்று வரிவரியாக எழுதப்பட்ட ஏடுகள். ஐசக் அவற்றைச் சுவடு பார்ப்பதுபோலவே படிக்கிறான். 1832-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று யூனிஸ் என்னும் அடிமைப் பெண் நீரில் மூழ்கி இறந்தாள் என்றொரு குறிப்பு. அடுத்த ஆண்டில் அவளுடைய மகள் பிள்ளைப்பேற்றில் இறந்தாள் என்று மற்றொன்று. இரண்டையும் இணைக்கும்போது அவன் பாட்டனின் பாவம் வெளிப்படுகிறது: அந்த மகளின் தந்தையும் அவரே, அவளுடைய குழந்தையின் தந்தையும் அவரே. காட்டில் பெற்ற கூர்மையே ஏட்டிலும் அவனை வழிநடத்துகிறது. இருபத்தொரு வயதில் தனக்கு வரவேண்டிய நிலம் முழுவதையும் துறந்து, நாசரேத்தூரின் தச்சரை எண்ணித் தானும் தச்சனாகிறான்.

ஐசக்கைப் புனிதனாகப் போற்றும் வாசகர்கள் உண்டு. அத்துறவு உயர்ந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஃபாக்னர் அவனை அந்தப் பீடத்தில் விட்டுவைக்கவில்லை. அதே நூலில் 'டெல்டாவின் இலையுதிர்காலம்' என்னும் கதையில் ஐசக் எண்பது வயதை நெருங்கும் கிழவர். வேட்டைக் கூடாரத்தில் படுத்திருக்கும் அவரிடம் கைக்குழந்தையோடு ஒரு பெண் வருகிறாள். குழந்தையின் தந்தை ஐசக்கின் உறவினனான ராத் எட்மண்ட்ஸ். அவளைச் சந்திக்காமல் பணத்தை மட்டும் கிழவரிடம் கொடுத்துவிட்டு வேட்டைக்குப் போய்விட்டான். பேச்சினூடே அவள் கறுப்பினக் கலப்புடையவள் என்பதும், கணக்கேட்டில் பதிந்த அதே வழியில் வந்தவள் என்பதும் தெரியவருகின்றன. கிழவர் அதிர்கிறார். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தால் ஒருவேளை இந்நாட்டில் நடக்கலாம், இப்போது அன்று என்று எண்ணுகிறார். பணத்தைக் கொடுக்கிறார், குழந்தைக்கென ஒரு பழைய வேட்டைக் கொம்பையும் தருகிறார், வடக்கே திரும்பிப்போய் உன் இனத்தானை மணந்துகொள் என்கிறார். இவ்வளவு காலம் வாழ்ந்தும் அன்பு என்பதையே மறந்துவிட்டீரா என்னும் பொருளில் அவள் கேட்டுவிட்டுப் போகிறாள்.

இந்தக் கேள்வியே நூலின் தீர்ப்பு. கரடிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர், தம் எதிரே நிற்கும் உறவுப்பெண்ணை ஆயிரம் ஆண்டு காத்திருக்கச் சொல்கிறார். இரண்டிற்கும் பொறுமை என்றே பெயர். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. காட்டில் காத்திருந்தவன் தன் பசியை, தன் களைப்பை, தன் அச்சத்தைத் தானே தாங்கினான். கூடாரத்தில் காத்திருப்பின் சுமை அந்தப் பெண்ணின் தோளில் ஏற்றப்படுகிறது. தான் சுமப்பது பொறுமை. பிறர் சுமக்கட்டும் என்று தள்ளிவைப்பதற்கும் அப்பெயரைச் சூட்டுவது தன்னைத்தானே ஏமாற்றுவதாகும். புனித தாமஸ் அக்குவினாஸ் பொறுமையை மனத்திடத்தின் பகுதியாக வைத்தாலும், அது அன்பிலிருந்தே பிறக்கிறது என்று காட்டினார். அன்பின் வேர் அறுந்தால் பொறுமை வெறும் பயிற்சியாகச் சுருங்கும்.

வரலாறும் கிழவரின் கணக்கைப் பொய்யாக்கிற்று. இத்தகைய திருமணங்களைத் தடைசெய்த சட்டங்கள் அன்று மிசிசிப்பியிலும் பிற மாநிலங்கள் பலவற்றிலும் இருந்தன. 1967-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவற்றை அரசியலமைப்புக்கு முரணானவை என்று அறிவித்தது. நூல் வெளிவந்ததிலிருந்து இருபத்தைந்தே ஆண்டுகள்! காத்திருக்க மறுத்தவர்களின் போராட்டமே அந்நாளை விரைவில் கொணர்ந்தது.

ஃபாக்னர் ஐசக்கைப் பழித்து ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கதையின் கடைசியில் ஒருவன் கத்தி தேடிக் கூடாரத்திற்கு விரைந்து வருகிறான். ராத் ஒரு மானைச் சுட்டுவிட்டான் என்கிறான். என்ன மான் என்று கேட்டும் தெளிவான மறுமொழி இல்லை. அது பெண் மான் என்று கிழவர் தாமே அறிந்துகொள்கிறார். சற்றுமுன் கூடாரத்தைவிட்டுச் சென்றவளின் நிலையும் அதுவே என்பது அவருக்குப் புரிந்ததா? ஆசிரியர் சொல்லவில்லை. காட்டின் ஒவ்வோர் அசைவையும் படிக்கத் தெரிந்த கண்களுக்கு அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது.

காற்றின் திசையை அறிய ஒருவனுக்குப் பல பருவங்கள் தேவைப்படுகின்றன, அக்கல்வி வீணன்று. ஆனால் வேட்டைக்காரனின் வெற்றி அவன் வீட்டுச் சுவரில் மாட்டிய கொம்புகளால் அளக்கப்படுவதன்று. சுடாமல் விட்ட விலங்கால்கூட முழுமையாக அளக்கப்படுவதன்று. எதிரே வந்து நிற்கும் மனிதரை அவன் எப்படி ஏற்கிறான் என்பதில்தான் அவன் காட்டில் கற்றது எவ்வளவு என்பது தெரியும்.