அழிக்கும் கருவிக்கு ஒரு வரி போதுமா?

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். கணிப்பொறிக் கருவிகளுடன் வரும் விளக்கக் குறிப்புகளுக்கு அவ்வாறு யாரும் எழுதுவதில்லை. ஆனால் இன்று அக்குறிப்புகளைப் படிப்பவர் மனிதர் மட்டும் அல்லர். 'ஏஜென்ட்' எனப்படும் செயற்கை நுண்ணறிவு முகவர், நம் சார்பில் வேலை செய்யும் ஒரு மென்பொருள். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை அது பெரிதும் குறிப்பைப் படித்தே முடிவு செய்கிறது. எனவே குறிப்பில் உள்ள குறை செயலிலும் குறையாகிவிடுகிறது. ஆய்வு அறிவிப்பை நீக்கும் கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆய்வு அறிவிப்பு என்பது யாது? காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி பட்டு நூலுக்கு ஏற்ற இயற்கைச் சாயங்களை ஆராய்கிறாள் என்று கொள்வோம். கூகுள் ஸ்காலர் போன்ற தளத்தில் தேடுசொற்களைப் பதிந்து வைத்தால், அப்பொருளில் புதிய கட்டுரைகள் வரும்போது அவளுக்கு மின்னஞ்சல் வரும். இத்தகைய பதிவுகள் பெருகிவிட்டால், "வேண்டாதவற்றை நீக்கிவிடு" என்று முகவரிடம் சொல்லத் தோன்றுவது இயல்பே.

'அடையாள எண்ணைக் கொடுத்தால் அறிவிப்பை நீக்கும்' என்று ஒரே வரியில் இக்கருவிக்குக் குறிப்பு எழுதிவிடலாம். அவ்வரியில் பொய் இல்லை. ஆனால் மூன்று முக்கிய வினாக்களுக்கு அதில் விடை இல்லை.

முதலாவது, எது அழிகிறது? மின்னஞ்சல் மட்டும் நிற்குமா, பதிந்து வைத்த தேடுசொற்களும் போய்விடுமா? மீட்க வழி உண்டா? நிறுத்தி வைத்தல் வேறு, அழித்தல் வேறு.

இரண்டாவது, 'வேண்டாதவை' எவை என்று முடிவு செய்பவர் யார்? ஆறு மாதமாக ஒரு கட்டுரையும் தராத அறிவிப்பு பயனற்றது என்று முகவர் எண்ணக்கூடும். அரிய பொருளை ஆராய்பவருக்கோ அதுவே விலைமதிப்பற்றதாக இருக்கலாம்.

மூன்றாவது, விடை வராமல் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? வலைத்தளங்களுக்கான எச்.டி.டி.பி. நெறிமுறையை 2022-இல் வரையறுத்த ஆர்.எப்.சி. 9110, நீக்கல் கட்டளையை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறை அனுப்பியதன் விளைவே ஏற்பட வேண்டும் என்கிறது. ஆகவே மீண்டும் அனுப்புவதில் தவறில்லை. ஆனால் இரண்டாம் முறை 'அப்படி ஒன்று இல்லை' என்று விடை வரலாம். அதைக் கண்டு எண் தவறு என்று எண்ணி, முகவர் வேறோர் அறிவிப்பைத் தேடி அழித்தால் கேடு இரட்டிப்பாகும். 'இல்லை என்று விடை வந்தால் வேலை முடிந்ததாகக் கொள்க. வேறொன்றைத் தேடாதே' என்று குறிப்பில் எழுத எவ்வளவு இடம் வேண்டும்?

இந்த இழப்புக்கு ஓசையே இல்லை என்பதையும் நாம் கருத வேண்டும். ஒரு கோப்பு அழிந்தால் தேடும்போது தெரிந்துவிடும். அறிவிப்பு அழிந்தாலோ மின்னஞ்சல் வராது, அவ்வளவே. புதிய ஆய்வு எதுவும் வெளிவரவில்லை என்று மாணவி நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறையில் 2025-இல் ஒரு நல்ல ஏற்பாடு சேர்ந்தது. ஒரு கருவி அழிவு விளைவிக்கக்கூடியதா என்று அதில் குறிக்கலாம். எதுவும் குறிக்காவிட்டால் 'விளைவிக்கக்கூடியது' என்றே கொள்ள வேண்டும். இது பாராட்டத்தக்கது. ஆயினும் இவை வெறும் குறிப்புகளே என்றும், நம்பத்தகாத இடத்திலிருந்து வந்தால் இவற்றை வைத்து முடிவெடுக்கலாகாது என்றும் அந்நெறிமுறையே எச்சரிக்கிறது. அதாவது, எச்சரிக்கைப் பலகை பூட்டு ஆகாது.

2025 ஜூலையில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூரலாம். அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின் 'ரெப்லிட்' நிறுவனத்தின் முகவரைப் பயன்படுத்தி வந்தார். எந்த மாற்றமும் செய்யாதே என்று கட்டளையிட்டிருந்தும், 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை அது அழித்துவிட்டது. மீட்க இயலாது என்றும் கூறியது. பின்னர் மீட்க முடிந்தது. சோதனைத் தரவையும் நடைமுறைத் தரவையும் தனித்தனியே பிரிக்கும் ஏற்பாட்டை நிறுவனம் அதன்பிறகே அறிவித்தது.

ஆவணம் எழுதுவது நமக்குப் புதிதன்று. முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் அளித்த கூரம் செப்பேட்டை ஹுல்ட்ஸ் 1890-இல் பதிப்பித்தார். வடமொழியும் தமிழும் கலந்த அந்த ஆவணம், கொடையை 25 பங்குகளாக்கி, கோயில் வழிபாட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் எத்தனை, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு எத்தனை என்று தனித்தனியே வகுக்கிறது. பின்னால் படிப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு.

நீக்கும் கருவியின் குறிப்பும் அவ்வாறே இருத்தல் வேண்டும். எது அழியும், மீட்க முடியுமா, யாரைக் கேட்க வேண்டும், பிழை வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்ற நான்கும் அதில் இடம்பெற வேண்டும். அதற்கு மேலாக, உரியவரின் ஒப்புதல் இல்லாமல் கட்டளை நிறைவேறாதபடி மென்பொருளே தடுக்க வேண்டும். சில நாட்களுக்கேனும் பழைய தேடுசொற்களைக் காத்து வைக்க வேண்டும். கணிப்பொறி பயிலும் மாணவர்கள் தாம் எழுதும் முதல் கருவியிலேயே இதைக் கடைப்பிடிப்பார்களாக.