பேட்டரி பக்கத்து ஃபியூஸ்

கார் ஆடியோவில் நான் முதலில் தேடுவது பேட்டரி பக்கத்து ஃபியூஸைத்தான். பாசிட்டிவ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள் அது இருந்தால், வேலை தெரிந்தவர் கைபட்ட வண்டி. அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காப்பது வயரை. வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸுக்கு முன்னால் கிடக்கும் துண்டுக்குக் காவலே கிடையாது. அதனால்தான் அது குட்டையாக இருக்க வேண்டும்.

500 வாட் தரும் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர், வெப்பமாகப் போவதையும் சேர்த்து, உச்சத்தில் 60 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நல்ல 4 கேஜ் செம்பு வயர் அதை எளிதாகத் தாங்கும். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான். அதே கேஜில் மின்தடை கூடுதல்.

பிளேடு ஃபியூஸின் நிறங்கள் எவ்வளவு அழகு! 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எண்ணைப் படிக்காமலே சரியானதை எடுத்துச் செருகலாம்.