தபு என்னுஞ் சொல்

விலக்கப்பட்டதனைக் குறிக்க ஆங்கிலத்திற் பெருவழக்காயுள்ள 'தபூ' என்னுஞ் சொல் ஆங்கிலருடையதன்று. 1777ஆம் ஆண்டில் தொங்காத் தீவுகளில் தங்கிய கடலோடி ஜேம்ஸ் குக் அத்தீவினரிடம் கேட்டு எழுதிவைத்த சொல் அது. 1784ஆம் ஆண்டில் அவருடைய மூன்றாம் பயண நூல் வெளிவந்தபின் அது பரவலாயிற்று.

தொங்கா மக்கள் அதனைத் 'தப்பு' என்பதுபோல ஒலிப்பர். கேட்டமாத்திரத்தே தமிழர்க்கு ஓர் ஆசை பிறக்கின்றது. 'தப்பு' நம் சொல்லன்றோ என்பார் ஒருவர். தொல்காப்பியத்துத் 'தபுதாரநிலை'யிலுள்ள 'தபு' என்பதே மூலம் என்பார் மற்றொருவர். யானும் முன்னொருகால் வகுப்பில் இவ்வாறு பெருமிதத்தோடு கூறியதுண்டு. அது பிழையென உணர்ந்தமையாலேயே இதனை எழுதுகின்றேன்.

முதலாவது, தமிழ்ச்சொற்கள் இரண்டும் பொருளால் வேறானவை. 'தப்பு' குறிதவறுதலையும், 'தபு' அழிதலையும் உணர்த்துவன. இரண்டாவது, தீவுச்சொல்லுக்குத் தன் குலத்திலேயே உறவினர் உளர். தொங்காவின் 'தப்பு' அவாய்த்தீவிற் 'கப்பு' ஆகின்றது. கண்ணைக் குறிக்குந் தொங்காச்சொல் 'மத்தா'. அவாயில் அது 'மக்கா'. எனவே தகரம் ககரமாதல் அங்கே நெறிப்பட்ட திரிபென்க. பீஜியரோ 'தம்பு' என்பர். இவையெல்லாம் ஓசானிய மொழிகளின் பொதுமூலத்தினின்று பிரிந்தவை. தமிழை இடையே புகுத்த வேண்டுவதில்லை.

இனிப் பொருளை நோக்குவாம். தலைவனது உடலும் தபு, இறந்தோருடலும் தபு. பிணத்தைத் தொட்டவன் தன் கையால் உணவெடுத்து உண்ணலாகாது. தூய்மையும் தீட்டும் ஒரு சொல்லுள் அடங்கின. மாவோரி மக்களிடையே அதன் மறுதலை 'நோவா'. தடையற்ற பொதுநிலை என்பது பொருள். அவாயில் ஆடவரும் பெண்டிரும் கூடியுண்டல் விலக்கப்பட்டிருந்தது. 1819ஆம் ஆண்டில் அரசன் இரண்டாம் கமேயமேயா பெண்டிரோடமர்ந்து உண்டான். அவ்வொரு விருந்தோடு பழைய கட்டு முழுதுங் குலைந்தது.

இதனை 'விலக்கு' எனப் பெயர்த்தல் அமையுமா? விலக்கு என்பது விலக்குவோன் செயலைக் கூறும். தபு பொருளின் நிலையைக் கூறும். நம் வழக்கிலுள்ள 'துடக்கு' சற்றே நெருங்குகின்றது. துடக்குதல் என்பதற்குப் பிணித்தல் என்பது பழம்பொருள். பிறப்பாலும் இறப்பாலும் ஒரு குடும்பம் பிணிப்புண்டு நிற்றலை அது உணர்த்துகின்றது. ஆயினும் கருவறையின் தூய்மையைத் துடக்கென்பார் எவருமிலர். ஆதலின் அதுவும் பாதிப்பொருளே தரும். தபுவைத் தபுவென்றே வழங்கி விளக்கந் தருதல் நன்று.

தமிழின் தொன்மைக்குச் சான்றுகள் பலவுள. அயலார் சொல்லைத் தமதெனக் கூறி அதனை நிறுவவேண்டிய வறுமை தமிழுக்கில்லை. ஒலியொப்புமை கண்டவிடத்து ஆராய்ச்சி தொடங்குக. ஆண்டே முடித்தல் மாணாக்கர்க்கும் ஆகாது, ஆசிரியர்க்கும் ஆகாது.