நான்கு மருந்து, ஒரே புட்டி

காதுமடலைத் தொட்டு இழுத்தாலே உயிர் போகிறது என்றால், அது பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்று. குளத்தில் ஊறிய காதை பட்ஸாலோ ஊக்காலோ குடைந்து தோலைக் கீறிவிட்டால் போதும்; சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் குடியேறிவிடும். இதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து நல்ல மருந்துதான். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2014-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், சிக்கலில்லாத தொற்றுக்குச் சொட்டு மருந்து போதும், மாத்திரை வேண்டாம் என்கிறது.

சொட்டு மருந்தின் பலம் அதன் செறிவில் இருக்கிறது. 0.3 சதவீத சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 3 மில்லிகிராம் மருந்து உண்டு. மாத்திரை விழுங்கினால் இரத்தத்தில் சேர்வதைவிட இது பல நூறு மடங்கு அதிகம். மருந்துக்கு அடங்காதது என்று பரிசோதனையில் பெயரெடுத்த கிருமிகூட இந்த வெள்ளத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. வயிற்றுக்கும் தொந்தரவில்லை. இரண்டு மூன்று நாளில் வலி தணியத் தொடங்கிவிடும்.

ஆனால் மருந்து போய்ச் சேர்ந்தால்தானே? காதுக்குழாயின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதற்குள் சீழும் குறும்பியும் அடைத்து, தோலும் வீங்கியிருந்தால் சொட்டு வாசலிலேயே நின்றுவிடும். முதலில் டாக்டர் சுத்தம் செய்ய வேண்டும்; வீக்கம் அதிகமென்றால் திரி வைத்து அதன் வழியே மருந்தை இறக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது வேறு. நின்றபடியே இரண்டு சொட்டு விட்டு, உடனே பஞ்சை அடைக்கிறோம். மருந்தைப் பஞ்சு குடித்துவிடுகிறது. புட்டியைக் கைச்சூட்டில் வைத்திருந்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்து விட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். இதை மெடிக்கல் ஷாப்பில் யார் சொல்லித்தருகிறார்கள்?

அந்தக் கடையில் சீட்டில்லாமல் கேட்டாலும் கிடைப்பது பெரும்பாலும் நான்கு மருந்துக் கலவை: ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல், வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, வலிக்கு லிக்னோகெயின். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கலந்த புட்டி. புழுக்கமான ஊரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தே வருவதுண்டு என்பதால், கூட்டம் நெரியும் ஓ.பி.யில் டாக்டர் இதை எழுதுவதை ஓரளவு புரிந்துகொள்ளலாம். அதைத் தாண்டி நியாயப்படுத்த முடியாது. காதைப் பார்க்காமலே வைத்தியம் பார்க்க இந்தப் புட்டி வழிசெய்கிறது. லிக்னோகெயின் வலியை மரக்கச்செய்து, நோய் முற்றுவதையும் மறைக்கும். பூஞ்சை மருந்து சேராத ஆன்டிபயாடிக்–ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் விட்டாலோ, பாக்டீரியா ஒழிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். நனைந்த செய்தித்தாள் போலக் கறுப்புப் புள்ளிகளோடு அது காதை அடைத்துக்கொள்ளும், அரிப்பு தாங்காது. அதற்கும் அதே சொட்டையே விடுகிறவர்கள் உண்டு.

செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் நியோமைசின், ஜென்டமைசின் வகைச் சொட்டு விடுவது இதைவிட மோசம். உட்காதுக்குள் போனால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடிய மருந்துகள் இவை. நியோமைசின் சிலருக்கு ஒவ்வாமை தரும். மருந்தால் வந்த வீக்கத்தை நோயென்று நினைத்து இன்னும் நாலு சொட்டு விடுவார்கள்.

ஆன்டிபயாடிக் இல்லாத, விலை மலிவான அசிட்டிக் அமிலச் சொட்டும் முதல் வாரத்தில் ஏறக்குறைய அதே பலனைத் தரும் என்று 2010-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதற்குமேல் நீடிக்கும் தொற்றில்தான் அது பின்தங்குகிறது. லேசான தொற்றுக்கு அதை முதலில் யோசிக்காதது நம் பழக்கத்தின் குறை.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சொட்டு விட்டும் காதுவலி இரவில் தூங்கவிடாமல் தொடர்ந்தால், இன்னொரு புட்டி வாங்காதீர்கள். தொற்று மண்டையோட்டு எலும்புக்கு இறங்கியிருக்கலாம். அங்கே சொட்டு மருந்து எட்டாது. அன்றே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள்.