கெளுத்தியின் பெயரும் எலும்பும்

தெலுக் பங்லிமா காராங்கை அணுகும்போது லங்காட் ஆறு உப்பேறிக் கழியாகி விடுகிறது. அதற்கு மேலே, நன்னீர் ஓடும் பகுதிகளில், வலையைக் கிழித்துக்கொண்டு கரையேறும் மீன் ஒன்றுண்டு. மலாய்க்காரர் அதனை 'இக்கான் பண்டாராயா', அதாவது மாநகர மீன், என்பர். கண்ணாடித் தொட்டியின் பாசியை உறிஞ்சித் துப்புரவு செய்வதால் நகராண்மைப் பெயர் வாய்த்ததாம். வளர்ப்பு மீன் நூல்களோ நெடுங்காலமாக இதனை 'ஹைப்போஸ்டோமஸ் பிளெக்கோஸ்டோமஸ்' என்றே எழுதி வந்தன. இரு பெயரும் பிழையுடையன. முன்னது தொழிலைத் திரித்துக் கூறுகிறது. பின்னது இனத்தையே மாற்றிக் கூறுகிறது.

பெயர்ப் பிழை இக்குடும்பத்துக்குப் புதிதன்று. பிளெக்கோஸ்டோமஸ் என்னும் மீனை 1758-இல் லின்னேயஸ் ஸ்டர்ஜன் மீன்களோடு சேர்த்து 'அசிப்பென்சர்' என்றார். உடலைப் போர்த்த எலும்புத் தகடுகள் அவரை மயக்கின போலும். அறுத்து நோக்கின் ஐயம் தீரும். காற்றுப்பையின் அதிர்வைச் செவிக்குக் கடத்தும் சிற்றெலும்புத் தொடர் கெளுத்திக்கும் கெண்டைக்கும் உண்டு, ஸ்டர்ஜனுக்கு இல்லை. தகடு போர்த்த இக்கெளுத்திகளில் அக்காற்றுப்பை சுருங்கி, எலும்புக் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

தென் அமெரிக்கக் கெளுத்திகளை முறையாகத் தொகுத்த பெருநூல், கார்ல் ஐகன்மன், ரோசா ஸ்மித் ஐகன்மன் தம்பதியர் 1890-இல் வெளியிட்ட மறு ஆய்வாகும். சிதறிக் கிடந்த விவரங்களை ஓரிடத்துச் சேர்த்து ஒப்புநோக்கிய அவர்தம் உழைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிய உருப்படிகளே அதற்குப் பெரும் ஆதாரம். ஊறிய மீனில் நிறம் மங்கிவிடும். வண்ணத்தைக் கொண்டு இனம் பிரிப்பார்க்கு அந்நூல் முழுத்துணை ஆகாது.

பின்வந்தோருள் கிளாட் வெபர் 1992-இல் பாய்த்துடுப்புக் கெளுத்திகளை மூன்று பேரினங்களாகப் பிரித்தார். ஜொனதன் ஆர்ம்பிரஸ்டர் 2004-இல் எலும்பும் உள்ளுறுப்பும் ஆராய்ந்து, மூன்றையும் 'டெரிகோப்லிக்திஸ்' என்னும் ஒன்றிலேயே அடக்கினார். இப்பிந்திய தீர்ப்பே வலுவுடையது, ஆற்றங்கரையிலும் பயன்படுவது. ஹைப்போஸ்டோமஸின் முதுகுத் துடுப்பில் கிளைத்த கதிர்கள் பொதுவாக ஏழு. டெரிகோப்லிக்திஸில் ஒன்பதோ அதற்கு மேலோ. விரித்துப் பிடித்து எண்ணத் தெரிந்த சிறுவனும் பழைய நூல்களின் பிழையைத் திருத்திவிடலாம்.

ஆனால் எலும்பை நம்பியவர், பேரினத்தைத் தாண்டியதும் தோலைத் தேட வேண்டியிருக்கிறது. மீனைப் புரட்டி வயிற்றைக் காண்க. தனித்தனிப் புள்ளிகளாயின் 1855-இல் காஸ்டெல்னோ விவரித்த 'பார்டாலிஸ்'. புள்ளிகள் கூடிப் புழுவரிகளாயின் 1991-இல் வெபர் விவரித்த 'டிஸ்ஜங்க்டிவஸ்'. தைவானில் குடியேறிய மீன்களிலோ இரண்டுக்கும் இடைப்பட்ட வயிறுகள் காணப்பட்டுள்ளன. கலப்பினமோ என்னும் ஐயம் எழுகிறது. குடியேறிய நாட்டு மீனுக்கு, தாய்நாட்டு மீனைக் கண்டு வகுத்த அடையாளம் முற்றும் பொருந்தும் என்று கொள்வது இத்துறை நூல்களின் குறை.

இஃது அருங்காட்சியகத்தார் வழக்கு மட்டுமன்று. 'துப்புரவு மீன்' என்னும் நற்பெயரை நம்பியே, தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததைப் பலர் சாக்கடையில் விட்டுவிடுகின்றனர். ஆற்றிலோ ஆண்மீன் கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையைக் காக்கிறது. வளைகள் மலிந்த கரை மழையில் சரிகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அழுக்கு நீரும் இதனை எளிதில் கொல்வதில்லை. காரணம் உடற்கூற்றிலேயே உள்ளது: மேலெழுந்து காற்றை விழுங்கினால், இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய இரைப்பைச் சுவர் நுரையீரலின் வேலையைச் செய்துவிடுகிறது.